மூன்று மாத்திரை போட்டும் காலை பி.பி. 160: குறட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வைகைக்கரை
ஞாயிறு, காலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரருக்கு 53 வயது. மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். 5 வருடமாக அவருக்கு பி.பி. முதலில் ஒரு மாத்திரை, அப்புறம் இரண்டு, போன தீபாவளியிலிருந்து நீர் பிரிவதற்கான மாத்திரையும் சேர்த்து மூன்று. ஒரு வேளை தவறியதில்லை. கிழமை வாரியாக டப்பாவில் போட்டு எடுத்துக் கொடுப்பது நான்தான். ஆனாலும் காலையில் எழுந்ததும் பார்த்தால் 160/100. மத்தியானம் 145க்கு இறங்கும். மறுநாள் விடிந்தால் மறுபடி 160.

சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாய் ஸ்கேன் வரை எடுத்துவிட்டோம். அதில் ஒன்றும் இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் எடுத்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் 118 என்று வந்திருக்கிறது.

நான் கேட்க வந்தது குறட்டையைப் பற்றி. கல்யாணமான புதிதிலிருந்தே உண்டு, பத்து வருடமாகச் சத்தம் அதிகம். போன செவ்வாய் ராத்திரி இரண்டரை மணிக்கு எனக்கு விழிப்புத் தட்டியது. சத்தத்தால் விழிக்கவில்லை, சத்தம் நின்றுபோனதால் விழித்தேன். அவர் வயிறு ஏறி இறங்குகிறது. மூக்குக்கு நேரே விரலை வைத்தால் காற்று வரவில்லை. செல்போனில் வினாடி பார்த்தேன். 38 வந்தது. அப்புறம் உடம்பைத் தூக்கிப் போட்டு, தொண்டை கிழிகிற மாதிரி ஒரு மூச்சு. ஐந்தாறு குறட்டை. திரும்பவும் அமைதி. பத்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினேன். 9 தடவை. ஒவ்வொரு தடவையும் எழுப்பிவிடலாமா என்று கை போகும், அதற்குள் அவரே மூச்சு விட்டுவிடுவார்.

காலையில் கேட்டால் நன்றாகத்தானே தூங்கினேன் என்கிறார். ராத்திரி மூன்று நான்கு தடவை பாத்ரூம் போகிறார். தலைவலியோடு எழுந்திருக்கிறார். மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிடுகிறது.

எப்போதும் பார்க்கிற டாக்டரிடம் சொன்னேன். குறட்டை எல்லா ஆம்பளைக்கும் உண்டும்மா என்று சொல்லிவிட்டு நாலாவதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னும் வாங்கவில்லை. என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரி டாக்டர்
ஞாயிறு, மதியம் 2:15

அம்மா, நீங்கள் உட்கார்ந்து எண்ணியது பெரிய காரியம். தூக்கத்தில் மூச்சுத் தடை, ஸ்லீப் ஆப்னியா என்கிற இந்த நோயைப் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் முதலில் கண்டுபிடிக்கிறார். மூச்சு 10 வினாடி நின்றாலே எங்கள் கணக்கில் அது ஒரு தடை. ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனை தடவை முழுசாகவோ அரைகுறையாகவோ மூச்சு தடைபடுகிறது என்பதை ஏ.எச்.ஐ. என்று எழுதுவோம். 5க்குக் கீழே இருந்தால் சரி. 15க்குக் கீழே லேசானது, 30க்குக் கீழே நடுத்தரம், அதற்கு மேல் போனால் கடுமையானது. நீங்கள் எண்ணிய பத்து நிமிடத்தை அப்படியே ஆறால் பெருக்க முடியாது, ராத்திரி முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஆனால் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்ல அது போதும்.

இருக்கிற மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம். நாலாவதாக எழுதிய மாத்திரையின் பெயரை மட்டும் இங்கே போடுங்கள்.

தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநில அரசு ஊழியர்களை ஆய்வகத்தில் தூங்க வைத்து, சில வருடத்துக்கு ஒரு தடவை அளந்துகொண்டே வந்தார்கள். 1988-ல் தொடங்கிய ஆய்வு அது. 2000-ல் வந்த முடிவில், ஏ.எச்.ஐ. 15-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு நான்கு வருடத்துக்குள் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, தடையே இல்லாதவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. எடை, வயது, புகை, குடி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு வந்த எண் இது.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது பிரேசிலின் சாவோ பாலோ ஆய்வு. மாத்திரைக்கு அடங்காத பி.பி. உள்ள 125 பேரை எடுத்து, அடங்காததற்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். 64 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தது. சிறுநீரக இரத்தக்குழாய் அடைப்பு 2.4 சதவீதம் பேருக்குத்தான். நீங்கள் அந்த 2.4-ஐத் தேடி ஸ்கேனுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள், 64-ஐ யாரும் தேடவில்லை. உங்கள் டாக்டரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானே தொழிலுக்கு வந்து பல வருடம் பி.பி. நோயாளிகளிடம் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது உப்பைப் பற்றிக் கேட்கும்போதே குறட்டையையும் கேட்கிறேன், முடிந்தால் மனைவியையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்கிறேன்.

உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது. நாக்கு பின்னால் சரிந்து காற்று வழி அடைபடுகிறது. நெஞ்சும் வயிறும் மூச்சை இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன, காற்று மட்டும் போகவில்லை. நீங்கள் வயிறு அசைவதைப் பார்த்தீர்களே, அதுதான். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. கழுத்து இரத்தக்குழாயின் ஓரத்தில் அரிசி மணி அளவில் ஒரு உறுப்பு இருக்கிறது. அது இதை மோப்பம் பிடித்து மூளைக்கு ஆபத்து என்று சொல்கிறது. உடனே அட்ரினலின், இரத்தக்குழாய்ச் சுருக்கம், ஒரு கணம் விழிப்பு. தொண்டை திறக்கிறது. திறந்த அந்த வினாடியில் பி.பி. குபீரென்று ஏறுகிறது. ஒரே ராத்திரியில் இது நூற்றுக்கணக்கான தடவை.

நல்ல தூக்கத்தில் பி.பி. பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இரத்தக்குழாய்களுக்கு இருக்கிற ஓய்வே அந்த ஏழு மணி நேரம்தான். இவருக்கு அது கிடைப்பதில்லை. அதனால்தான் காலை அளவு மத்தியானத்தைவிட அதிகமாக இருக்கிறது.

பாத்ரூம் போவதும் இதே கதைதான். அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் உறிஞ்சும் விசை உண்டாகி இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் மிஞ்சிவிட்டது என்று இதயம் தவறாக எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த மேலறை வருடக்கணக்கில் இப்படி இழுபட்டால் துடிப்பு தாறுமாறாகிற நோயும் வரலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். அதிலிருந்து பக்கவாதம் வரை போகும்.

பெல்ட் கட்டுகிறவன்
ஞாயிறு, இரவு 9:05

அக்கா, நான் கோயம்புத்தூரில் ஒரு தூக்க ஆய்வகத்தில் டெக்னீஷியன். டாக்டர் சொல்லும் இந்த நோயை உறுதி செய்ய ஒரு ராத்திரித் தூக்கப் பரிசோதனை செய்வோம். அது எப்படி இருக்கும் என்று சொன்னால் மாமாவுக்குப் பயம் போகும்.

எட்டரை மணிக்கு வரச் சொல்வோம். வீட்டில் உடுத்தும் கைலி, பனியனே போதும், சொந்தத் தலையணையும் கொண்டுவரலாம். தலையில், கண் ஓரத்தில், தாடையில் சின்னச் சின்ன ஒயர் ஒட்டுவோம். பசை காலையில் வெந்நீரில் குளித்தால் போய்விடும். நெஞ்சில் ஒரு பெல்ட், வயிற்றில் ஒரு பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப். இவ்வளவையும் மாட்டிக்கொண்டு யாராவது தூங்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறார்கள், உடம்பு அவ்வளவு களைத்திருக்கிறது.

நான் பக்கத்து அறையில் திரையைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். மூக்குக் குழாயின் கோடு தட்டையாகப் போகும். பெல்ட்டின் கோடுகள் ஆடிக்கொண்டே இருக்கும், நெஞ்சு மேலே போகும்போது வயிறு உள்ளே போகும், இரண்டும் எதிரும் புதிருமாக. ஆக்சிஜன் அளவு உடனே இறங்காது. நுரையீரலிலிருந்து இரத்தம் விரல் நுனிக்கு வந்து சேர நேரம் பிடிக்கும், அதனால் மூச்சு திரும்பிய பிறகுதான் எண் சரியும். 96, 91, 84, 79. அப்புறம் ஏறும். மறுபடி சரியும். விடிந்து மொத்தமாகப் பார்த்தால் அந்தக் கோடு ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும்.

இதனால்தான் பகலில் விரலில் கிளிப்பை மாட்டி 98 இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. விழித்திருக்கும்போது இந்த நோய் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் 98தான்.

மாமாவுக்கு வேறு நுரையீரல் நோயோ இதயம் பலவீனமோ இல்லையென்றால் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின் போதும். செலவும் பாதிதான் ஆகும். ஒன்று மட்டும். அன்றைக்கு ராத்திரி எப்போதும் போலச் சாப்பிட்டு எப்போதும் போலப் படுக்கச் சொல்லுங்கள். நிறைய பேர் பரீட்சைக்குப் போவது மாதிரி அன்றைக்கு மட்டும் பத்தியம் இருக்கிறார்கள்.

நாமக்கல் லோடு
திங்கள், அதிகாலை 4:50

நான் லாரி டிரைவர். 46 வயசுல இதயத்துல அடைப்பு, ஸ்டென்ட் வச்சாங்க. சிகரெட் கிடையாது, பீடி கிடையாது, அப்புறம் ஏன் வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. மறு வருஷம் கிளீனர் தம்பிதான் சொன்னான், அண்ணே நீங்க தூங்கும்போது செத்துப் பொழைக்கறீங்கன்னு. டெஸ்ட் எடுத்ததுல ஏ.எச்.ஐ. 61.

வண்டியில பேட்டரி இருக்கு, இன்வெர்ட்டர் போட்டு, தூங்கும்போது மூக்குல காத்து செலுத்தி தொண்டையைத் திறந்து வைக்கிற மெஷினை கேபின்லயே வச்சிருக்கேன். கிருஷ்ணகிரி தாண்டி முன்னெல்லாம் கண்ணுல தண்ணி அடிச்சுக்கிட்டே ஓட்டுவேன். இப்ப இல்ல. அக்கா, லேட் பண்ணாதீங்க.

ஆடிட்டர் ஈரோடு
திங்கள், காலை 10:30

எல்லோரும் நல்ல மனதோடு சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை இங்கே வைத்துவிட வேண்டும். என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்த பிறகு இதே பரிசோதனை செய்தார்கள். மெஷின் விற்க வந்தவர், இதைப் போட்டால் இன்னொரு அட்டாக் வராது என்று அடித்துச் சொன்னார். அண்ணன் நம்பி வாங்கினார். இரண்டு வருடத்தில் இரண்டாவது அட்டாக்.

அதற்கப்புறம் நான் தேடிப் படித்தேன். சேவ் என்று ஒரு பெரிய ஆய்வு. 2016-ல் வந்தது. ஏழு நாடுகள், இந்தியாவும் அதில் உண்டு. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேர். பாதிப் பேருக்கு மூக்கில் காற்று செலுத்தும் சிபேப் மெஷின், பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சராசரியாக 3.7 வருடம் கவனித்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் போன்றவை எல்லாம் சேர்த்து மெஷின் போட்டவர்களில் 17 சதவீதம், போடாதவர்களில் 15.4 சதவீதம். வித்தியாசமே இல்லை. அரை லட்சம் ரூபாய் போடுவதற்கு முன்னால் இந்த அக்கா இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

காவிரி டாக்டர்
திங்கள், இரவு 10:20

கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும் சார். நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் சரி. இன்னொரு அட்டாக் வராது என்று சொல்லி மெஷின் விற்பது தவறு, அதற்கு ஆதாரம் கிடையாது. அண்ணனுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

அந்த ஆய்வைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். மெஷின் கொடுக்கப்பட்டவர்கள் அதைச் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் போட்டார்கள். பதினொரு மணிக்குப் படுத்தவர் இரண்டரைக்குக் கழற்றி வைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும். பலருக்குத் தொண்டை மிக மோசமாக அடைபடுவதும் அந்தத் தூக்கத்தில்தான். அந்த நேரத்தில் முகமூடி மேஜை மேலே இருக்கிறது.

இரண்டாவது, பகலில் கடுமையாகத் தூங்கி வழிகிறவர்களையும், ஆக்சிஜன் மிக ஆழமாக இறங்கியவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்குச் சிகிச்சை இல்லை என்று சொல்லிப் பாதிப் பேரை விட்டுவைப்பது நியாயமில்லை என்பதால். அது சரியான முடிவுதான். ஆனால் மிக அதிகமாகப் பலன் அடையக்கூடியவர்கள் கணக்கிலேயே வரவில்லை. நம் லாரி டிரைவர் தம்பி மாதிரி ஆட்கள்.

சேவ் உட்பட மூன்று ஆய்வுகளில் கலந்துகொண்ட 4,186 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2023-ல் மறுபடி கணக்குப் போட்டார்கள். மெஷின் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் என்று பிரித்தால் அப்போதும் வித்தியாசம் இல்லை. ராத்திரிக்கு 4 மணி நேரத்துக்கு மேல் நிஜமாகவே போட்டவர்களைத் தனியாக எடுத்தால், இன்னொரு அட்டாக்கோ பக்கவாதமோ வரும் ஆபத்து 31 சதவீதம் குறைவு. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்களுக்கு அது சட்டென்று பிடிபடும். முகமூடியை ஒழுங்காகப் போடுகிறவர், மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவராக இருப்பார், நடைப்பயிற்சியும் போவார். அந்தக் குணத்தின் பலன் எவ்வளவு, மெஷினின் பலன் எவ்வளவு என்று முழுசாகப் பிரிக்க முடிவதில்லை. அதனால் நான் நோயாளிகளிடம் அட்டாக் வராது என்று சொல்வதில்லை.

பி.பி. விஷயத்தில் ஆதாரம் இதைவிட உறுதி. மாத்திரைக்கு அடங்காத பி.பி. உள்ள 194 பேரை ஸ்பெயினில் 12 வாரம் பார்த்தார்கள். மெஷின் போட்ட பிரிவில் 24 மணி நேரச் சராசரி 3 புள்ளி கூடுதலாக இறங்கியது, ராத்திரியில் பி.பி. இறங்கும் இயல்பு அதிகம் பேருக்குத் திரும்பி வந்தது. வெறும் 3 புள்ளியா என்று தோன்றும். மூன்று நான்கு மாத்திரைக்கு மேல் கிடைக்கிற 3 அது. அதிக மணி நேரம் போட்டவர்களுக்கு இன்னும் அதிகமாக இறங்கியது. வைகைக்கரை அம்மாவும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், மெஷின் வந்த மறுநாளே 160 போய் 120 வந்துவிடாது.

ராத்திரி மரணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது என்னை மிகவும் உலுக்கிய ஒன்று. திடீர் இதய மரணம் பொதுவாக காலை நேரத்தில்தான் அதிகம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு பின்னாளில் திடீரென்று இறந்துபோன 112 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். மூச்சுத் தடை இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் நடுவில் இறந்திருந்தார்கள். தடை இல்லாதவர்களில் அது 21 சதவீதம். 2005-ல் வந்த ஆய்வு.

ஆடிட்டர் ஈரோடு
செவ்வாய், காலை 7:15

நன்றி டாக்டர். இந்த 3.3 மணி நேர விவரம் நான் பார்த்த இடத்தில் இருந்தது, அதன் பொருள் எனக்குப் புரியவில்லை. அண்ணனின் மெஷினில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதிவாகியிருக்குமா?

பெல்ட் கட்டுகிறவன்
செவ்வாய், காலை 8:00

இருக்கும் சார். உள்ளே இருக்கும் கார்டில் ஒவ்வொரு ராத்திரியும் பதிவாகும். எடுத்துக்கொண்டு எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் படித்துச் சொல்வார்கள். முகமூடி அளவு சரியில்லாமல் காற்று கசிந்திருந்தால் அதுவும் தெரியும். அண்ணன் இப்போதும் போடுகிறார் என்றால் அவசியம் பாருங்கள்.

சர்க்கரைப் பொங்கல் வேண்டாம்
செவ்வாய், மாலை 5:40

நான் 16 வருடமாகச் சர்க்கரை நோயாளி. அம்மா எழுதிய 118-ஐ யாரும் கவனிக்கவில்லையே என்றுதான் வந்தேன். எனக்கும் இப்படித்தான். ராத்திரி இரண்டு சப்பாத்தி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 150. காலையில் வெறும் வயிற்றில் 190. ராத்திரியில் சாப்பிடாத சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. மெஷின் போட்டால் சர்க்கரை இறங்குமா?

காவிரி டாக்டர்
செவ்வாய், இரவு 9:45

ஐயா, உங்கள் கல்லீரலிலிருந்து வருகிறது. ராத்திரி சும்மா இருந்தாலே கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை விடும். பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்களான அட்ரினலினும் கார்டிசோலும் ஏறினால் இன்னும் அதிகமாக விடும். உடம்பு ஆபத்து என்று நினைக்கிறது, ஓடுவதற்கு எரிபொருள் அனுப்புகிறது. ஓட ஆளில்லை, படுத்திருக்கிறார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை அழகாகக் காட்டினார்கள். மெஷின் பழகிய 31 பேரை ஒரு ராத்திரி மெஷினோடும் ஒரு ராத்திரி இல்லாமலும் தூங்க வைத்து, தூங்கும்போதே இரத்தம் எடுத்தார்கள். மெஷின் இல்லாத ராத்திரியில் இரத்தத்தில் கொழுப்பு அமிலம் ஏறியது, சர்க்கரை ஏறியது, கார்டிசோல் ஏறியது, பி.பி.யும் ஏறியது. இப்படி ராத்திரிதோறும் கொழுப்பு அமிலம் இரத்தத்தில் மிதந்தால் தசை இன்சுலினுக்குப் பணிவதைக் குறைத்துக்கொள்கிறது.

ஆனால் மெஷின் போட்டால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்குமா என்றால், ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் கொஞ்சம் இறங்கியது, சிலவற்றில் இல்லை. சர்க்கரைக்காக மட்டும் மெஷின் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காலை அளவு ஏறுவதற்கு மூச்சுத் தடை இல்லாத வேறு காரணங்களும் உண்டு, உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். பரிசோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள். உடல் பருமனும் டைப் 2 சர்க்கரையும் சேர்ந்த 306 பேரை அமெரிக்காவில் பரிசோதித்தபோது 86 சதவீதம் பேருக்கு மூச்சுத் தடை இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அதுவரை தெரியாது.

சர்க்கரைக்கும் மூச்சுக்கும் சேர்த்து வேலை செய்வது எடை. நான் முதலில் சொன்ன விஸ்கான்சின் ஆய்வில் எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறியது, 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு 26 சதவீதம் இறங்கியது. வாரம் ஒரு தடவை போடும் டிர்செபடைடு ஊசியால் உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஒரே வருடத்தில், இரண்டு ஆய்வுகளில் முறையே மணிக்கு 25, 29 தடைகள் குறைந்ததாக 2024-ல் முடிவு வந்தது, அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதியும் கொடுத்தார்கள். இந்தியாவிலும் 2025 முதல் அந்த ஊசி கிடைக்கிறது. விலை அதிகம், நிறுத்தினால் எடை திரும்பும், வயிற்றுத் தொந்தரவும் உண்டு. டாக்டர் பார்த்துத்தான் போட வேண்டும்.

ஒல்லியாக இருப்பவர்கள் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்க்காரர்களுக்குப் பார்க்க ஒல்லியாக இருந்தும் வயிற்றிலும் கழுத்திலும் கொழுப்பு சேரும். தாடை சின்னதாகவோ உள்வாங்கியோ இருந்தாலும் போதும், நாக்குக்கு இடம் இருக்காது.

தாமிரபரணி
புதன், காலை 11:20

எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 51 வயது, மாதவிலக்கு நின்று இரண்டு வருடம். சின்ன வயதில் சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தது. எனக்குக் குறட்டை பெரிதாக இல்லை. ராத்திரி அடிக்கடி விழிப்பு, காலையில் தலை பாரம், நாள் முழுக்க அடித்துப் போட்ட மாதிரி உடம்பு. இரத்தசோகை என்றார்கள், தைராய்டு என்றார்கள், மனசு சரியில்லை என்றார்கள், கடைசியில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட பிறகு காலைத் தலைவலி இரண்டு மடங்கு. மகள் சண்டை போட்டு டெஸ்டுக்குக் கூட்டிப் போனாள். ஏ.எச்.ஐ. 28. இதை அக்கம்பக்கத்தில் சொல்லவே கூச்சமாக இருந்தது, பொம்பளைக்குக் குறட்டை நோயா என்று கேட்பார்களே என்று.

காவிரி டாக்டர்
புதன், மதியம் 1:50

சொன்னதற்கு நன்றி அம்மா, இதைப் படித்து எத்தனையோ பேர் போவார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது வேகமாகக் கூடுகிறது. நீர்க்கட்டி இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். பெண்கள் பெரும்பாலும் குறட்டை என்று சொல்லி வருவதில்லை, அசதி, தூக்கமின்மை, தலைவலி என்று வருகிறார்கள், நாங்களும் இரும்புச் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். சில தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். மதுவும் அப்படித்தான்.

வைகைக்கரை
வியாழன், இரவு 8:30

டாக்டரம்மா, நீங்கள் கேட்ட நாலாவது மாத்திரையின் பெயர் ஸ்பைரோனோலாக்டோன், 25 மில்லிகிராம். தம்பி சொன்ன மாதிரி வீட்டுப் பரிசோதனைக்குச் சொல்லிவிட்டேன். 7,500 ரூபாய். சனிக்கிழமை ராத்திரி.

காவிரி டாக்டர்
வியாழன், இரவு 10:10

அப்படியானால் உங்கள் டாக்டர் சரியான மாத்திரையைத்தான் எழுதியிருக்கிறார். மூன்றுக்கு அடங்காதபோது நாலாவதாக அதைத்தான் நாங்களும் யோசிப்போம். இன்னொரு சிறப்பும் உண்டு. பகலில் நின்று, நடந்து காலில் சேரும் நீர், படுத்ததும் மெல்லக் கழுத்துப் பக்கம் வருகிறது. தொண்டையைச் சுற்றிய திசு ஊறி, வழி இன்னும் குறுகுகிறது. உப்பு அதிகம் சாப்பிட்டால் குறட்டை கூடுவதில் இதற்கும் பங்கு உண்டு. இந்த மாத்திரை உப்பையும் நீரையும் வெளியேற்றும். அடங்காத பி.பி.யும் மூச்சுத் தடையும் சேர்ந்த 12 பேருக்கு அமெரிக்காவில் எட்டு வாரம் இந்த மாத்திரையைச் சேர்த்தபோது பி.பி.யோடு ஏ.எச்.ஐ.யும் இறங்கியது. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஆனாலும் திசை சரியாக இருக்கிறது.

மாத்திரையைத் தொடங்குங்கள். இது பொட்டாசியத்தை ஏற்றக்கூடும், அதனால் ஒரு வாரத்தில் இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். அதைப் பார்க்காமல் விடக் கூடாது. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், அதை அதுவரை தள்ளி வையுங்கள்.

வைகைக்கரை
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7:00

எல்லோருக்கும் விவரம் சொல்ல வேண்டியது என் கடமை.

பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 52. ஆக்சிஜன் 74 வரை இறங்கியிருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்து அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், நீ எத்தனை வருஷமா இதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தே என்று கேட்டார்.

டாக்டரிடம் காட்டினேன். அவரும் மறுக்கவில்லை, நுரையீரல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். மெஷின் 48,000. முதல் வாரம் ராத்திரி ஒரு மணிக்கே பிடுங்கிப் போட்டுவிடுவார். சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது முகமூடியை மட்டும் போட்டுப் பழகச் சொன்னார்கள், அது உதவியது. இப்போது ராத்திரிக்குச் சராசரி ஐந்தரை மணி நேரம் ஓடுகிறது, கார்டில் இருக்கிறது.

நாலாவது மாத்திரையும் போகிறது, பொட்டாசியம் 4.6. எடை 3 கிலோ குறைந்திருக்கிறது. காலை பி.பி. இந்த வாரம் 136, 138, 134. எதனால் எவ்வளவு இறங்கியது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, அதில் பெரிய மாற்றம் இல்லை. பாத்ரூமுக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார், சில நாள் அதுவும் இல்லை. கல்லாவில் தூங்குவதில்லை.

எனக்குத்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை. வீடு அமைதியாக இருந்தால் உடனே எழுந்து அவர் நெஞ்சைப் பார்க்கிறேன். மெஷினின் மெல்லிய காற்றுச் சத்தம் கேட்டதும் படுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம் இருக்கிறது. நான்கு நாளாக அவருக்குக் காலையில் மூக்கு காய்ந்து எரிகிறது, குழாயிலும் தண்ணீர் கோத்து நிற்கிறது. என்ன செய்வது?

பெல்ட் கட்டுகிறவன்
ஞாயிறு, காலை 7:40

ரொம்ப சந்தோஷம் அக்கா. குழாயில் தண்ணீர் கோத்தால் அறை ஏ.சி. அதிகக் குளிரில் ஓடுகிறது என்று அர்த்தம். ஏ.சி.யை 26-ல் வையுங்கள், குழாயைச் சுற்றி ஒரு துணி உறை போடுங்கள். மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்தால் தண்ணீர் மூக்குப் பக்கம் வராது. மூக்கு காய்வதற்கு மெஷினின் ஈரப்பத அளவைக் கூட்டலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான் கூட்ட வேண்டும். காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறீர்களா?

வைகைக்கரை
ஞாயிறு, காலை 7:55

போர் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றுகிறேன் தம்பி.

பெல்ட் கட்டுகிறவன்
ஞாயிறு, காலை 8:05

போர் தண்ணீர் வேண்டாம் அக்கா, காய்ச்சினாலும் உப்பு போகாது, தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். மருந்துக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கேட்டு வாங்குங்கள். தினம் காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துக் காய வையுங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் கொஞ்சம் வினிகரைத் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்துக் கழுவினால் போய்விடும்.

வைகைக்கரை
ஞாயிறு, காலை 8:10

சரி தம்பி, இப்போதே வாங்கி வரச் சொல்கிறேன். அவர் இன்னும் தூங்குகிறார். எழுந்ததும் சொல்கிறேன்.